ஒளியும் ஒளிப்பும்: மறைந்துறையும் பறவைகளின் படக்கலை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயர்கள் ஞாயிற்றின் செலவைத் தழுவியவை. கடலை அடுத்த கீழ்கரை எழுவான்கரை. வயலும் குளமும் காடும் பரந்த மேல்கரை படுவான்கரை. ஒளியின் வரவையும் மறைவையுங் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் வாழும் இடம், ஒளியினால் எழுதப்படும் கலையொன்றை ஆராய்தற்குப் பொருத்தமான களமேயாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் ஓரங்களிற் கண்ணாப் பற்றைகளும், பன்னும் நாணலும் செறிந்த சதுப்புக்களும், அவற்றை அடுத்து வயல்களும் உள்ளன. இங்கு வாழும் பறவைகளுட் கூழைக்கடாவும் வெண்கொக்கும் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாவன. அருகிற் சென்றாலும் புலனாகாதன வேறு சில உள. இலையோடு இலையாயும் சேற்றோடு சேறாயும் ஒன்றிக் கிடக்கும் அப்பறவைகளைக் கமராவினாற் படமாக்குங் கலையே ஈண்டு ஆராயப்படுவது. அக்கலையின் நோக்கம் யாது, அதன் வெற்றி தோல்விகளை எதனைக்கொண்டு அளத்தல் வேண்டும் என்பன விடை காண வேண்டிய வினாக்கள்.

அவ்வினாக்களுக்குத் தோற்றுவாயாக அமைவது ஒரு பறவையின் பெயர். வயல் வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் தோள் குறுக்கி அசையாது நிற்கும் சிறு கொக்கொன்றைத் தமிழ் மக்கள் குருட்டுக் கொக்கு என்பர். சிங்கள மக்கள் வழங்கும் ‘கணகொகா’ என்னும் பெயருக்கும் பொருள் அதுவே. மனிதர் காலடி தன்மேற் படுமளவு நெருங்கிய பின்னரே அது எழுந்து பறத்தலின், அதற்குக் கண் தெரியாதென இரு மொழியினரும் எண்ணினர் போலும். உண்மை வேறு. மண்ணிறமும் வெளிறிய கோடுகளும் விரவிய அதன் உடல் சேற்றோடும் காய்ந்த புல்லோடும் ஒன்றிவிடுதலின், அசையாது நின்றால் தன்னை எவரும் காணார் என்பதே அதன் காப்பு. வருவோரை அது நெடுநேரம் முன்னரே கண்டுகொள்கின்றது. எழுந்த கணத்தில் மறைந்திருந்த வெண்சிறகுகள் மின்னலெனத் தோன்றும். இறங்கிச் சிறகை மடக்கிய கணத்தில் மீண்டும் அது காணாமற் போய்விடும். பார்வைக் குறை பறவையிடத்தன்று; பார்ப்பவனிடத்தது. தன் கண்ணின் குறையைப் பறவையின் மேலேற்றிப் பெயரிட்டான் மனிதன். மறைந்துறையும் பறவையைப் படமாக்குவோன் முதற்கண் நீங்க வேண்டிய மயக்கம் இதுவே.

தமிழில் ஒளி என்னுஞ் சொல் பெயராய் நின்று வெளிச்சத்தையும், வினையாய் நின்று மறைதலையும் உணர்த்தும். ஒளிப்படம் என்னும் வழக்கிற் கருதப்படுவது முன்னைய பொருளேயெனினும், இத்துறையில் இரண்டு பொருளும் ஒருங்கே வந்து பொருந்துகின்றன. இன்று வெளிவரும் பறவைப் படங்கள் இருவகைப்படும். பறவையை அதன் சூழலினின்றும் பிரித்து, இலையும் கிளையும் மங்கிய பசுந்திரையாய்ப் பின்னே உருகி நிற்க, ஒவ்வோர் இறகும் எண்ணுமாறு காட்டுவது ஒருவகை. பறவை ஒளிந்த வண்ணமே ஒளிந்திருக்க, நோக்குவோன் தேடிக் காணுமாறு அமைப்பது மற்றொரு வகை. முன்னையதே திறமையின் எல்லையெனப் பெரும்பாலோர் போற்றுவர். அப்போற்றுதல் ஆராயாது கொள்ளத்தக்கதன்று.

ஒளிப்பின் இயல்பை முறையாக ஆராய முற்பட்டவருள் முன்னிற்பவர் அமெரிக்க ஓவியர் அபட் தேயர். விலங்குகளின் முதுகு கருமையாயும் வயிறு வெண்மையாயும் அமைந்திருத்தற்குரிய காரணத்தை அவர் 1896இல் விளக்கினார். மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளிறச் செய்து வயிற்றை நிழலில் ஆழ்த்தும். முதுகின் கருமையும் வயிற்றின் வெண்மையும் அவ்வேறுபாட்டை ஈடுசெய்தலின், திரண்ட உடல் தட்டையாய்த் தோன்றிச் சூழலில் மறைகின்றது. உருவத்தின் விளிம்பை வரியும் புள்ளியும் சிதைத்து மறைத்தல் இன்னொரு முறை. இவையனைத்தையும் தொகுத்து 1940இல் விரிநூல் செய்த ஆங்கில அறிஞர் ஹியூ கொட், விலங்கியலாரும் ஓவியரும் படப்பிடிப்பாளருமாய் ஒருங்கே விளங்கினார்.

வாவிக் கரையில் இவ்விதிகளுக்குச் சான்றுகள் பல. நாணலிடையே வாழும் மஞ்சட் குருகு அச்சம் நேர்ந்தவிடத்து அலகை வானோக்கி நிமிர்த்தி நிற்கும். கழுத்தின் நெடுங்கோடுகள் நாணற்றண்டுகளோடு ஒன்றிவிடும். பகலிற் சருகின்மேற் படுத்திருக்கும் பக்கியோ கூடு கட்டுவதேயில்லை. இரண்டு முட்டைகளை வெறுந்தரையிலேயே இட்டு, அவற்றின்மேற் சருகெனக் கிடக்கும். ஒளிரும் விழி தன்னைக் காட்டிக்கொடாவாறு இமைகளை நூலளவே திறந்திருக்கும். ஆலமரத்திற் பழமுண்ணும் பச்சைப்புறாக்கள் கூட்டமாயிருந்தும் கண்ணிற்படுவதில்லை. உதிரும் பழமே அவற்றின் இருப்பை உணர்த்தும். ஈண்டு நோக்கத்தக்கது, இவ்வொளிப்பு பறவையின் உடலில் மாத்திரம் அமைந்த குணமன்று என்பது. நாணலின்றிக் குருகின் கோடுகளுக்குப் பயனில்லை. சருகின்றிப் பக்கியின் நிறத்துக்குப் பொருளில்லை. பறவை பாதி, இலை பாதியாய் நின்று நிகழ்த்துவதே ஒளிப்பு. இலையை நீக்கி எடுத்த படம் அந்நிகழ்ச்சியிற் பாதியையே காட்டும்.

எனினும் ஒளிப்பைக் காட்டும் படமெல்லாம் உண்மையுரைக்கும் என்று கொள்ளுதலும் பிழை. அதற்குத் தேயரே சான்று. தம் விதியின்மேற் கொண்ட பற்றினால் அவர் எல்லா நிறங்களும் ஒளிப்பின் பொருட்டே அமைந்தன என்றார். 1907இற் காட்டிடை மறைந்த மயிலொன்றைத் தீட்டினார். அவர் கருத்துக்களை மகன் ஜெரால்ட் தேயர் 1909இல் நூலாக்கிய காலத்து, பூநாரையின் செந்நிறம் காலை மாலை வானத்தோடு ஒன்றுதற்பொருட்டே வாய்த்ததென்னும் கூற்றும் அதில் இடம்பெற்றது. காடுகளிற் பயின்ற தியோடர் ரூஸ்வெல்ட் இக்கூற்றுக்களைக் கடுமையாக மறுத்தார். நாளில் ஒரு நாழிகை, ஒரு கோணம், ஒரு பின்னணி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் எப்பறவையையும் மறைந்ததாய்க் காட்டலாம். அது பறவையின் வாழ்வாகாது என்பதே மறுப்பின் சாரம். தூரிகைக்கு உரைத்த இவ்வெச்சரிக்கை கமராவுக்கும் பொருந்தும். படத்தில் நாணலிடை மறைந்து தோன்றும் பறவை அவ்விடத்தில் தானே வந்து நின்றதா, அன்றி விரட்டப்பட்டு ஒதுங்கியதா என்பதைப் படம் சொல்வதில்லை. எடுத்தவனது நேர்மையே அதற்குப் பிணை.

இனி, பறவையைத் தெளிவாகக் காட்டுதலும் வேண்டப்படுவதன்றோ எனின், வேண்டப்படுவதே. இறகின் நிறமும் அலகின் வடிவும் காலின் நீளமும் தெரியாவிடில் இனம் பிரித்தறிதல் இயலாது. அப்பணியை இலங்கையில் ஓவியர்கள் நெடுங்காலமாகச் செவ்வனே ஆற்றியுள்ளனர். வின்சன்ற் லெக் என்னும் பீரங்கிப் படை அதிகாரி இலங்கைப் பறவைகளின் வரலாற்றை 1878 முதல் 1880 வரையுள்ள காலத்தில் வெளியிட்டபோது, அதற்கு வண்ணப் படங்கள் வரைந்தவர் கூலமன்ஸ். அவர் இலண்டனிலிருந்து, பதஞ்செய்த தோல்களைக் கொண்டு வரைந்தவர். அவர்க்குப் பின் வந்த ஜி. எம். ஹென்றி 1891இல் இலங்கையிற் பிறந்து, கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றி, உயிர்ப்பறவைகளை நேரிற் கண்டு பழகியவர். 1955இல் வெளிவந்த அவரது இலங்கைப் பறவை வழிகாட்டி நூல் எழுத்தும் படமும் ஒருவர் கையினவாய் அமைந்த சிறப்புடையது. அதிற் பறவைகள் நிற்கும் நிலையும் நோக்கும் பாங்கும் பழகிய கண்ணின் பயனெனத் தோன்றுவன.

ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. ஓவியன் ஓர் இலையை விலக்க விரும்பினால் அதனை வரையாது விடுகின்றான். காட்டில் உள்ள இலை அசைவதில்லை. படப்பிடிப்பாளன் ஓர் இலையை விலக்க விரும்பினால், தான் நிற்கும் இடத்தை மாற்றல் வேண்டும். அன்றேல் இலையையே ஒடித்தல் வேண்டும். இலையின்றிக் காட்டவேண்டியதைக் காட்ட ஓவியம் உளது. இலையோடு பறவை எங்ஙனம் வாழ்கின்றதென்பதை, இன்ன இடத்தில் இன்ன பொழுதில் உள்ளது உள்ளவாறு காட்டுதல் ஓவியத்துக்கு அரிது, கமராவுக்கு உரியது. தனக்கு உரியதை விடுத்து ஓவியத்தோடு போட்டியிடும் ஒளிப்படம் எத்துணைத் தெளிவுடையதாயினும் இரண்டாந்தர ஓவியமாகவே முடியும்.

இக்கலையின் தொடக்கத்தில் இவ்வுணர்வு ஓரளவு இருந்தது. இங்கிலாந்திற் கேர்ட்டன் சகோதரர்களாகிய றிச்சட்டும் செறியும் 1895இற் பறவைக் கூடுகளைப் பற்றிய நூலை நேரில் எடுத்த படங்களால் அணிசெய்தனர். பின்னர், பறவைகள் அஞ்சாதிருத்தற்பொருட்டு உள்ளீடற்ற எருது உருவொன்றைச் செய்வித்து, அதனுட் புகுந்து படமெடுத்தனர். செயல் நகைப்புக்குரியதாய்த் தோன்றினும், அதிற் பொதிந்த கருத்துப் பெரிது. ஒளிந்திருப்பதைக் காண விரும்புவோன் முதலில் தானும் ஒளிதல் வேண்டும் என்பதே அது. படப்பிடிப்பாளர் இன்றும் மேற்கொள்ளும் மறைகுடில் அவ்வழி வந்தது. ஆயினும் குடிலினுள் இருப்பதனாலேயே பறவையின் பார்வைக்குத் தப்பிவிட்டதாகக் கொள்ளலாகாது. ஆங்கிலப் படப்பிடிப்பாளர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தையொன்றின் கூட்டுக்கு அருகே அமைத்த குடிலை நோக்கி இருளிற் சென்றபோது, அவ்வாந்தை தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரும் பல்லாண்டு பறவைகளைப் படமாக்கிப் புகழெய்தினார். கூட்டைக் காக்கும் பறவைக்கு மனித வரவு எத்துணைப் பெரிய அச்சம் என்பதை அவ்விழப்பு உணர்த்துகின்றது.

கருவியின் இயல்பும் இம்மதிப்பீட்டில் இடம்பெறற்பாலது. வில்லையின் துவாரத்தை அகலத் திறந்தால் ஒரு தளம் மாத்திரம் தெளிவுறும். முன்னும் பின்னும் உள்ள இலைகள் கரைந்துபோம். துவாரத்தைச் சுருக்கினால் இலைகளும் தெளிவுறும். ஆனால் ஒளி குறைதலின் பறவையின் சிற்றசைவும் படத்தை மங்கச் செய்யும். ஆதலின் ஒளிப்பைக் காட்டும் படத்துக்குப் பொறுமை இருமடங்கு வேண்டும். மின்னொளி பாய்ச்சி எடுப்போர் பிறிதொரு பிழைக்கு ஆளாவர். மேலிருந்து வரும் ஒளிக்கேற்ப அமைந்த முதுகின் கருமையும் வயிற்றின் வெண்மையும், முன்னிருந்து பாயும் ஒளியில் தம் வேலையை இழந்துவிடுகின்றன. அங்ஙனம் எடுத்த படத்திற் பறவை துலங்கித் தெரியும். ஆனால் எப்பகலிலும் எவ்விரவிலும் அப்பறவை அவ்வாறு தோன்றியதில்லை. இன்றைய கருவிகள் சில பறவையின் விழியைத் தாமே கண்டறிந்து கூர்மைப்படுத்த வல்லன. செறிந்த பற்றையிலோ அவையும் முன்னுள்ள இலையைப் பற்றிக்கொண்டு பறவையைத் தவறவிடுதலுண்டு. ஒளிப்பின் திறத்துக்கு அதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

தமிழுலகில் இத்துறைக்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தராய் 1912இற் பிறந்த அவர், எழுத்தாளரும் ஓவியரும் படப்பிடிப்பாளருமாவர். கல்கத்தா ஸ்ரேற்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கைக் குறிப்புக்கள் எழுதிவந்தார். தாமே பாகங்களைக் கூட்டியமைத்த கமராவுக்குச் ‘சூப்பர் பொண்டரோசா’ எனப் பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவரது படைப்பின் அடையாளம். இலையின் பசுமையும் பறவையின் பசுமையும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துவிடும் அவ்வகைப் படத்தில், நிறத்தை நம்பிப் பறவையைக் காட்டுதல் இயலாது. பக்கவாட்டில் விழும் வெயிலும், நிழலின் விளிம்பும், உடலின் நிலையுமே துணை. எனவே அம்முறை எடுப்பவனையும் காண்பவனையும் பார்வையில் ஒழுங்குபடுத்துகின்றது. கிருஷ்ணனது படங்களிற் பல, உயிரினத்தை அது வாழும் காட்டோடு சேர்த்தே காட்டுவன. முகத்தை மாத்திரம் பெரிதாக்கிக் காட்டும் படங்களோடு அவற்றை ஒப்புநோக்கின், கவர்ச்சி பின்னையவற்றில் மிகுதி. அறிவு முன்னையவற்றில் மிகுதி.

இக்கருத்துக்கு எழும் தடை ஒன்றுண்டு. பறவை தெரியாத படம் பறவைப் படமாகுமா, வெறும் பற்றையின் படமன்றோ அது என்பர். தடை தள்ளத்தக்கதன்று. முற்றும் மறைந்த பறவையின் படம் கலையாகாது. விடுகதைக்கு விடையுண்டென்ற உறுதியாவது கேட்போனுக்கு வேண்டும். ஆதலின் படத்தில் ஒரு திறவு அமைதல் வேண்டும். விழியின் ஒரு புள்ளி, அலகின் நுனி, இலைகளுக்கு ஒவ்வாத ஒரு வளைவு ஆகிய இவற்றுள் ஒன்று போதும். அதனைப் பற்றிக்கொண்டு நோக்குவோன் பறவை முழுவதையும் தானே கண்டெடுப்பான். கண்டெடுத்த பின் அப்படத்தை முன்போற் பார்த்தல் அவனுக்கு ஒருபோதும் இயலாது. எளிதிற் கிடைத்த தெளிவு எளிதில் மறக்கப்படும். தேடிக்கண்ட பறவை நெஞ்சில் நிற்கும்.

இவ்வமைப்புக்குப் பழந்தமிழில் முன்மாதிரி உண்டு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டிற் கபிலர், காதலர் இருவர் கூடிய இடத்தில் நின்ற குருகொன்றைக் காட்டுகின்றார். தலைவியின் மணவுறுதிக்கு வேறு சான்றில்லை. ஓடுநீரில் மீன் நோக்கி நின்ற அப்பறவையே உண்டு. அதன் சிறிய பசுங்காலைக் கபிலர் தினையின் தாளுக்கு ஒப்பிட்டார். உவமை அழகுக்காக மாத்திரம் வந்ததன்று. கால் தாளெனத் தோன்றுமாறு பயிரோடும் நீரோடும் ஒன்றி நின்ற பறவையை அப்புலவர் உற்றுநோக்கியிருக்கின்றார். பறவையைச் சூழலினின்று அவர் பெயர்த்தெடுக்கவில்லை. காலொன்றையே திறவாய் வைத்து, ஏனையதைக் கற்போன் காணுமாறு விட்டார். நல்ல ஒளிப்படத்துக்கு விதிக்கத்தக்க இலக்கணம் இதனினும் வேறன்று.

இதுகாறுங் கூறியது கலையின் நயம் பற்றியது. இதனோடு உயிரொன்றும் பிணைந்திருத்தலே இவ்வாராய்ச்சியைச் சுவைப்போர் பூசலென ஒதுக்கவொண்ணாததாக்குகின்றது. கூட்டைத் தெளிவாகக் காட்ட விரும்புவோர் சிலர் சுற்றியுள்ள இலைகளைக் கொய்தும் கிளைகளை வளைத்துக் கட்டியும் வழிசெய்வர். படம் எடுத்து முடிந்ததும் அவர் சென்றுவிடுவர். திறந்த கூடு திறந்தபடியே கிடக்கும். இலைநிழலில் இருந்த இறகு முளையாத குஞ்சுகளின்மேல் நண்பகல் வெயில் விழும். இதுவரை கூட்டை அறியாத காகம் இப்போது அறியும். தரையில் முட்டையிடும் பக்கியும் ஆட்காட்டியும் அடிக்கடி எழுப்பப்பட்டால் முட்டைகள் வெயிலில் வேகும். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பறவைகளுக்கும் அவற்றின் கூடு முட்டைகளுக்கும் காப்பளிக்க எழுந்தது. வெளிநாடுகளிலும் இந்தியாவிலும் இயற்கைப் படப் போட்டிகள் பல கூட்டுப் படங்களை ஏற்க மறுக்கின்றன. பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை வெளியே இழுத்தலும் இவ்வகையைச் சேர்ந்த குற்றமே. அக்குரல் வேற்றுப் பறவையின் அறைகூவலெனக் கொண்டு அது உணவையும் குஞ்சையும் விடுத்து வருகின்றது. இவ்வழிகளாற் பெற்ற படம் தெளிவாயிருத்தல் கூடும். ஆயின் அதில் உள்ளது ஒளிப்பை இழந்த பறவை. அஃதாவது, காப்பை இழந்த பறவை. இத்துறையிற் கலையின் உண்மையும் உயிரின் காவலும் ஒன்றையொன்று எதிர்ப்பனவல்ல. இலையை இருந்தவாறு விட்டெடுத்த படமே இரண்டையும் காக்கின்றது.

மட்டக்களப்பில் இவ்வுண்மைக்கு மற்றொரு பொருளும் உண்டு. வாவியோரத்துக் கண்ணாக் காடுகள் இறாற் பண்ணைகளுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் வெட்டப்பட்டன. 2009 வரை நீடித்த போர்க்காலத்திலும் அழிவுற்றன. 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் அக்கரையைத் தாக்கியது. பற்றை அழிந்த இடத்துப் பறவை ஒளிந்திருத்தற்கு ஒன்றுமில்லை. பின்னணி கரைந்த படங்களை நூறு தொகுத்து வைப்பினும், எந்தப் பற்றையில், எந்த நாணலிடையே அக்குருகு வாழ்ந்ததென்பதை அவை கூறமாட்டா. இலையோடு எடுத்த படமோ, பின்வருவோர் அந்நிலத்தை மீட்க முனையுங்கால், இன்ன மரத்தில் இன்ன பறவை இருந்ததென்று சான்று பகரும்.

காணாததை மதித்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. கல்லடிப் பாலத்தின்கீழ் நிலவொளியிற் கேட்கும் நீரோசையைப் பாடும் மீன்களின் இசையென மக்கள் போற்றிவருகின்றனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூ’லிலும் அவ்விசைக்கு இடமளித்தார். பாடுவதைக் கண்டவரில்லை என்பதனால் அவ்விசையின் பெருமை குறைந்ததில்லை. இலங்கையின் ஈரவலயக் காட்டில் வாழும் சிற்றாந்தையொன்று 1995இற் குரலால் மாத்திரம் அறியப்பட்டு, 2001இலேயே கண்ணுக்குப் புலனாகி, 2004இற் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. தீபால் வரகாகொட என்னும் பறவையறிஞர் ஆறாண்டு காலம் ஒரு குரலைத் தொடர்ந்தமையின் பயன் அது. காடு தன்னிடமுள்ளதைப் பொறுத்திருப்போனுக்கே காட்டும் என்பதற்கு இக்காலத்திலும் சான்று கிடைத்தது.

இவற்றால், மறைந்துறையும் பறவையின் படத்தை அளக்கத்தக்க வினாக்கள் மூன்றென்பது பெறப்படும். பறவை தன் இடத்தில், தன் விருப்பில், தன் பொழுதில் நின்றதா? அது எங்ஙனம் மறைந்தது என்பதைப் படம் உணர்த்துகின்றதா? படமெடுத்தவன் நீங்கிய பின், அவன் வருமுன் இருந்தவாறே அவ்விடம் இருந்ததா? மூன்றுக்கும் ஆமென விடை பகரும் படம், இறகுகளை எண்ணக் காட்டாதாயினும் சிறந்தது. எழுவான்கரையின் காலை வெயிலில், வாய்க்கால் ஓரத்துச் சேற்றோடு சேறாய் நிற்கும் குருட்டுக் கொக்கை அப்படத்தில் தேடிக் கண்டவன், அதற்கு அப்பெயர் பொருந்தாதென்பதையும் உடன் காண்பான்.